ஜகந்நாதர் தேரும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

மனிதர் கடல் கடந்து செல்லும்போது அவர்தம் பண்டங்கள் மாத்திரமன்றி அவர் பேசுஞ் சொற்களும் உடன் செல்கின்றன. நமது கரையோரத்துக் கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்து 'கட்டமரான்' ஆகி, இன்று உலகத்துத் துறைமுகங்கள் பலவற்றில் மிதக்கின்றது. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுதண்ணீர் 'மலிகட்டோனி' என்னும் பெயரோடு ஆங்கிலேயரின் உணவு மேசையில் இடம்பெற்றது. இவற்றை எடுத்துரைத்து மகிழ்வது நம்மவர் வழக்கம். அம் மகிழ்ச்சி தவறன்று. ஆனால் இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களுள், நமது சமயத்துக்குப் பழி தேடித் தந்தனவும் சில உள. அத்தகைய ஒரு சொல்லின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'ஜகர்நோட்' என்பது அச்சொல். ஆங்கிலச் செய்தித்தாள் வாசிப்போர் இதனை அடிக்கடி காண்பர். தன் வழியிலுள்ள யாவற்றையும் நசுக்கிக்கொண்டு முன்னேறுவதும், எவராலும் தடுத்து நிறுத்த முடியாததுமான பெருஞ்சக்தி என்பது இன்று அதன் பொருள். தொடர்ந்து வெற்றியீட்டும் கிரிக்கெட் அணியும் ஜகர்நோட். தேர்தலில் எதிரிகளையெல்லாம் முறியடிக்குங் கட்சியும் ஜகர்நோட். 1960களின் பிற்பகுதி தொடக்கம் இங்கிலாந்தின் ஒடுங்கிய வீதிகளில் ஓடும் மிகப் பாரமான லொறிகளுக்கும் அதுவே பெயராயிற்று. அகராதியைப் புரட்டினால், இஃது ஓர் இந்துத் தெய்வத்தின் பெயரென்றும், அத்தெய்வத்தின் தேர்ச்சில்லின் கீழ் அடியார்கள் விழுந்து மடிந்ததாகக் கூறப்பட்டதென்றும் ஒரு குறிப்பு இருக்கும். மிஷன் பாடசாலைகளில் ஆங்கில இலக்கியம் பயின்ற எம்போன்றோர் அக்குறிப்பை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்லப் பழகியவர்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று ஒருமுறை நின்று கேட்பது நமது கடமையன்றோ?

சொல்லின் வடிவம்

'ஜகத்' என்றால் உலகம். 'நாதன்' என்றால் தலைவன். இரண்டும் சேர்ந்து ஜகந்நாதன், அதாவது உலக நாயகன், ஆயின. வடமொழியில் இது திருமாலைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்று. ஜெகநாதன், செகநாதன் என்று நமது ஊர்களில் எத்தனையோ பெரியோர் இப்பெயரைத் தாங்கி வாழ்ந்துள்ளனர். அவர்களுடைய பெயரும் ஆங்கிலேயரின் பார லொறியின் பெயரும் ஒன்றே என்று கூறினால் கேட்போர் நகைப்பர். ஆயினும் அதுவே உண்மை.

ஜகந்நாதன் 'ஜகர்நோட்' ஆனது எங்ஙனம்? பழைய ஆங்கிலேயர் இந்தியச் சொற்களிலுள்ள குறில் அகரத்தைத் தமது நெடுங்கணக்கின் 21 ஆவது எழுத்தாகிய 'யூ' இட்டு எழுதுவர். பண்டிதர் என்ற சொல்லையும் பஞ்சாப் என்ற நாட்டின் பெயரையும் அவ்வாறே எழுதினர். 'நாத்' என்ற பின்பகுதி அவர்கள் வாயில் 'நோட்' என்று ஒலித்தது. எழுத்தை மாத்திரம் பார்ப்போருக்கு, விண்வெளி வீரரைக் குறிக்கும் 'அஸ்ட்ரோநோட்' என்ற சொல்லின் ஈறும் இதுவும் ஒன்றாகத் தோன்றும். அந்த ஈறு கப்பலோட்டி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டுக்கும் யாதோர் உறவும் இல்லை. எழுத்து மாறியதிற் குற்றமில்லை. நாமும் பிறர் பெயர்களை நமது நாவுக்கேற்ப மாற்றுகின்றோம். உலகைக் காக்கும் நாயகன் என்ற பொருள் உலகை நசுக்கும் சக்தி என்று மாறியதே நாம் ஆராயவேண்டியது.

பூரியும் அதன் தேர்விழாவும்

இந்தியாவின் கிழக்குக் கரையில், ஒடிசா மாநிலத்தில் உள்ளது பூரி. அங்குள்ள பேராலயத்தை 12 ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கியவன் கீழைக் கங்க மரபைச் சேர்ந்த அனந்தவர்மன் சோடகங்கதேவன். சோடகங்கன் என்பது சோழகங்கன் என்பதன் திரிபு. அவனுடைய தாய் இராசசுந்தரி ஒரு சோழ அரசகுமாரி. ஆதலால், தூர தேசத்துக் கோயிலெனினும் பூரிக்கும் தமிழ் மரபுக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு.

கருவறையிலே ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை ஆகிய மூவரும் மரத்தாலான திருமேனிகளாக எழுந்தருளியுள்ளனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்திருமேனிகள் புதிய மரங்கொண்டு செய்யப்படும். 1996 இலும் 2015 இலும் அவ்வாறு நிகழ்ந்தது. ஆண்டுதோறும் ஆனி, ஆடி அளவில், வளர்பிறைத் துவிதியை நாளிலே மூவரும் மூன்று தேர்களில் ஏறி, ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தூரத்திலுள்ள குண்டிச்சா கோயிலுக்குச் சென்று, சில நாள் தங்கி மீள்வர். ஜகந்நாதரின் தேர் சுமார் 45 அடி உயரமும் 16 சில்லுகளும் கொண்டது. பலபத்திரரின் தேருக்கு 14 சில்லுகள். சுபத்திரையின் தேருக்கு 12. நமது கோயில்களிற் போல ஒரு தேரைப் பரம்பரையாகப் பேணும் வழக்கம் அங்கில்லை. ஆண்டுதோறும் தேர்கள் புதிதாகவே கட்டப்படுகின்றன.

அவ்விழாவில் நம் கருத்தைக் கவரும் காட்சிகள் இரண்டு. தேர் புறப்படுமுன் பூரியின் கஜபதி மன்னர் பொற்பிடியிட்ட துடைப்பத்தை ஏந்தித் தேர்த்தட்டைக் கூட்டுவார். இறைவன் முன்னிலையில் அரசனும் ஏவலாளனே என்பது அதன் கருத்து. மற்றையது, கோயிலினுள்ளே செல்ல அனுமதி பெறாதவர்களும் அன்று வீதியில் நின்று இறைவனைக் காணலாம் என்பது. உள்ளே வர இயலாதாரைத் தேடி இறைவன் வெளியே வருகின்றான் என்பர் அந்நாட்டு அடியார். இத்தகைய விழாவே மேல்நாட்டார் வாயிற் கொலைக்களமாக மாறியது.

கதை பிறந்த இடம்

ஆராயப் புகுந்த எமக்கு மிக வியப்பளித்த செய்தி ஒன்றுண்டு. இக்கதை ஐரோப்பாவுக்கு முதன்முதலிற் பூரியிலிருந்து செல்லவில்லை. இத்தாலி தேசத்துத் துறவி ஒடோரிக் என்பார் 14 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆசியாவெங்கும் பயணஞ் செய்து மீண்டு, 1330 ஆம் ஆண்டில் தம் அனுபவங்களைச் சொல்லி எழுதுவித்தார். பெரிய விக்கிரகம் ஒன்றை ஆண்டுதோறும் தேரிலேற்றி ஊர்வலமாகக் கொண்டு செல்வர் என்றும், யாத்திரிகர் அதன் சில்லுகளின் கீழ் விழுந்து உயிர் துறப்பர் என்றும், இவ்வாறு ஆண்டுக்கு ஐந்நூறு பேருக்கு மேல் மடிவர் என்றும் அவர் கூறினார். ஆனால் அவர் குறிப்பிட்ட நாடு 'மோபார்'. அராபியர் மாபார் என்று வழங்கிய சோழமண்டலக் கரையே அது. அஃதாவது, தேர்ச்சில்லுக் கதை முதலிற் கூறப்பட்டது தமிழ்நாட்டைப் பற்றியே. மன்டவில் என்பவரின் பெயரால் அந்நூற்றாண்டிலேயே வெளிவந்து ஐரோப்பாவெங்கும் பரவிய பயணநூல் இச்செய்தியை ஒடோரிக்கிடமிருந்து எடுத்தாண்டது. அந்நூலை வாசித்தோர் தொகை பெரிது. ஆகவே, பின்னர் இந்தியாவுக்குக் கப்பலேறிய ஐரோப்பியர் பலர் இக்கதையை முன்னரே காதிற் கொண்டு வந்திருப்பர் எனக் கருத இடமுண்டு.

1633 இல் வில்லியம் புரூட்டன் என்னும் ஆங்கிலேயர் பூரிக்குச் சென்றார். 1638 இல் அச்சான அவரது நூலிலே ஜகந்நாதரின் பெயரும் தேரும், அதன்கீழ் மாண்டோர் பற்றிய கூற்றும் இடம்பெற்றன. ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதல் ஆட்சியாகக் கொள்ளப்படுவது இதுவே. ஔரங்கசீப்பின் அவையில் வாழ்ந்த பிரெஞ்சு வைத்தியர் பேர்னியரும் தமது நூலில் இதே கதையைச் சொன்னார். எனினும் அக்காலத்தில் ஜகந்நாதர் என்பது ஒரு தெய்வத்தின் பெயராகவும் ஒரு தலத்தின் பெயராகவுமே ஆங்கிலேயருக்குத் தெரிந்திருந்தது. அதனை வசைச்சொல்லாக்கியது 19 ஆம் நூற்றாண்டு.

புக்கானன் எழுதிய நூல்

1803 இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து பூரியைக் கைப்பற்றினர். மராட்டியர் யாத்திரிகரிடம் வரி அறவிட்டு வந்தனர். கம்பெனியாரும் 1806 இல் ஒரு சட்டம் இயற்றி அவ்வரியை ஒழுங்குபடுத்தி வாங்கலாயினர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேதான் குளோடியஸ் புக்கானன் பூரிக்கு வந்து சேர்ந்தார். அவர் ஸ்கொட்லாந்து தேசத்தவர். கல்கத்தாவிற் கம்பெனியின் குருவாகவும், வில்லியம் கோட்டைக் கல்லூரியின் உப தலைவராகவும் கடமையாற்றியவர். பூரிக்கு ஐம்பது மைலுக்கு அப்பாலேயே வழியோரத்தில் மனித எலும்புகள் சிதறிக் கிடந்தமையைக் கண்டதாக அவர் எழுதினார். விழா நாளன்று ஒருவர் தேரின் முன்னே விழுந்து மாண்டதைக் கண்டதாகவும் எழுதினார். பைபிளிற் கூறப்படும், பிள்ளைகளைப் பலிகொண்ட மோளேக்கு என்னும் தெய்வத்தோடு ஜகந்நாதரை ஒப்பிட்டார். 1811 இல் இவை நூலாக வெளிவந்து பல பதிப்புகளைக் கண்டன.

அதே பயணத்தின்போது அவர் இராமேசுவரத்தைக் கண்டபின் கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். அவருடைய நூலில் இலங்கையைப் பற்றிய ஒரு பகுதியும் உண்டு. நமது முன்னோரின் ஊரும் பூரியும் ஒரே நூலின் ஏடுகளுக்கிடையே ஐரோப்பியருக்கு அறிமுகமாயின என்பதை நாம் மறக்கலாகாது.

அந்நூல் வெளிவந்த காலத்தைக் கவனித்தல் வேண்டும். கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் மிஷனரிமார் தங்கிப் பணியாற்ற இடமளிக்கலாமா என்பது அப்போது இங்கிலாந்தில் நடந்த பெரிய விவாதம். 1813 ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அதற்கு வழி திறந்தது. இந்திய சமயங்கள் கொடுமை நிறைந்தவை என்று காட்டவேண்டிய தேவை அவ்விவாதத்தில் ஒரு பக்கத்தாருக்கு இருந்தது. புக்கானன் பொய்யுரைத்தார் என்று நாம் கூறவில்லை. அவர் ஒரு மரணத்தைக் கண்டிருக்கலாம். ஆனால், கண்ட ஒன்றைக் கொண்டு ஒரு சமயம் முழுவதையும் அளந்தார் என்று கூறலாம். வேடிக்கை என்னவெனில், அவர் 'மோளேக்கு' என்று வருணித்த கோயிலின் யாத்திரிகரிடம் அவருடைய எசமானர்களான கம்பெனியார் 1840 வரை வரி வாங்கி வந்தனர்.

இலக்கியத்திற் புகுந்தது

அதன்பின் அச்சொல் எழுத்தாளர் பலரின் பேனாவில் ஏறியது. கவிஞர் சதி 1810 இல் வெளியிட்ட 'கெஹாமாவின் சாபம்' என்னும் நெடும்பாட்டின் ஒரு பகுதிக்கு ஜகந்நாதரின் பெயரையே இட்டார். 1847 இல் வெளிவந்த சார்லட் பிரொண்டேயின் 'ஜேன் அயர்' நாவலிலே, அநாதைச் சிறுமிகளின் பாடசாலையை நடத்தும் கல்நெஞ்சக் குருவானவர் ஒருவர், ஜேனைப் பலர் முன்னிலையில் நிறுத்தி, ஜகர்நோட்டின் முன் மண்டியிடும் அஞ்ஞானிப் பிள்ளைகளிலும் இவள் கேடானவள் என்று தூற்றுவார். அந்நாவலைக் கற்கும் மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆசிரியை அவ்வசையை ஒரு நல்லவரின் வாயில் வைக்கவில்லை. பிள்ளைகளைப் பட்டினியிடும் ஒரு போலிப் பக்தரின் வாயில் வைத்தார். காள் மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட 'மூலதனம்' என்னும் நூலில், தொழிலாளியின் மனைவி மக்களையும் மூலதனமாகிய ஜகர்நோட்டின் சில்லின் கீழ் இழுத்தெறியும் முறையைச் சாடினார். ஸ்டீவன்சன் 1886 இல் வெளியிட்ட 'டொக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' என்ற கதையில், ஒரு சிறுமியை மிதித்துக் கடந்து செல்லும் ஹைடை வருணிக்க இச்சொல்லே வந்தது. பாதிரியாரை நையாண்டி செய்தவருக்கும், முதலாளித்துவத்தை எதிர்த்தவருக்கும், மர்மக்கதை எழுதியவருக்கும் ஒரே உவமை தேவைப்பட்டது. அவருள் எவரும் பூரியைக் கண்டவரல்லர். அவர்களுக்குப் பூரி ஓர் ஊரன்று, ஓர் உவமையே.

உண்மை யாது?

தேரின் கீழ் எவரும் விழுந்து மடியவில்லை என்று சாதிப்பது வரலாறாகாது. மடிந்தோர் எத்தனை பேர், எக்காரணத்தால் என்று கேட்பதே வரலாறு. இதற்கு விடையளித்தவர்களும் ஆங்கிலேயரே. ஒடிசாவிற் கம்பெனி உத்தியோகத்தராயிருந்த அன்ட்றூ ஸ்டேர்லிங், தாம் கண்ட நான்கு ஆண்டு விழாக்களில் மூன்றே மரணங்கள் நிகழ்ந்தன என்று 1825 இல் வெளியான தமது கட்டுரையில் எழுதினார். அவற்றுள் ஒன்று தற்செயலான விபத்தாகலாம் என்றும், ஏனைய இருவரும் நெடுங்காலம் கொடிய நோயால் வருந்தி உயிரை வெறுத்தவர்கள் என்றும் குறித்தார். இலட்சக்கணக்கானோர் கூடும் விழாவில் நான்கு ஆண்டுகளுக்கு மூவர்! ஒடோரிக் சொன்னது ஆண்டொன்றுக்கு ஐந்நூறு. 1872 இல் ஒடிசாவின் வரலாற்றை எழுதிய வில்லியம் ஹன்டர், ஜகந்நாத வழிபாட்டில் இரத்தம் சிந்துதல் தீட்டு என்றும், சைதன்யரின் வழிவந்த அடியாருக்கு எவ்வுயிரையும் அழித்தல் பாவம் என்றும் எடுத்துக்காட்டி, சில்லின் கீழ் நேர்ந்த மரணங்களிற் பெரும்பாலானவை நெரிசலில் நேர்ந்த விபத்துகளே என்று விளக்கினார்.

அவ்வாறாயின் புக்கானன் கண்ட எலும்புகள் யாருடையவை? அக்காலத்தில் யாத்திரிகர் நூற்றுக்கணக்கான மைல்களை நடந்தே கடந்தனர். உணவும் நல்ல நீரும் அரிது. பட்டினியாலும் வாந்திபேதியாலும் வழியில் வீழ்ந்தோர் ஏராளம். அவர்களைக் கொன்றது வறுமையும் நோயும். ஆனால் பழி தேரின் மேல் விழுந்தது.

நமது பக்கத்திலும் மறைக்கக் கூடாத செய்தி உண்டு. தெய்வத்தின்முன் தன் தலையைத் தானே அரிந்து வைக்கும் நவகண்டம் என்னும் வழக்கம் பண்டைத் தமிழகத்தில் இருந்தது. அவ்வாறு செய்தோரின் சிற்பங்கள் இன்றும் அங்கே காணப்படுகின்றன. ஒடோரிக் கேள்விப்பட்டது முழுவதும் கட்டுக்கதை என்று நாம் தள்ளிவிட இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம். இன்றும் விபத்துகள் ஒழியவில்லை. 2022 ஆம் ஆண்டு சித்திரையிலே தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் மின்கம்பியில் உராய்ந்து 11 பேர் மாண்டனர். 2025 ஆம் ஆண்டில் பூரியிலேயே குண்டிச்சா கோயிலின் அருகே நெரிசலில் மூவர் மாண்டனர். இவற்றுக்குக் காரணம் பக்தியன்று, முன்னேற்பாட்டின் குறைவு. இக்குறையை நாம் திருத்தாதவரை அகராதிக்காரரைக் குறை கூறுவதிற் பயனில்லை.

தமிழ் கண்ட தேர்

இனி, அதே தேரைத் தமிழ் எவ்வாறு கண்டது என்று பார்ப்போம். 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்பது நமது வழக்கு. ஒருவராலோ சிலராலோ ஆகாத காரியத்தை யாவரும் சேர்ந்து முடிப்பதற்கு அஃது உவமை. இன்னொரு சொல்லையும் நோக்குங்கள். யாதொரு தடைக்கும் 'முட்டுக்கட்டை' என்கிறோம். தேரின் சில்லுக்கு அடியில் இட்டு அதன் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்தும் மரக்கட்டையே முட்டுக்கட்டை. அதனை இடுவோர் சில்லின் அருகிலேயே கண்ணுங் கருத்துமாய் நடப்பர். மேள ஒலிக்கும் அரோகரா முழக்கத்துக்கும் நடுவே அவர்களுடைய குரலுக்குத்தான் முதலிடம். அவர்கள் 'நில்' என்றால் ஆயிரம் பேர் பிடித்த வடமும் தளரும்.

தேர்க்காலில் உயிர் மடிந்த கதையும் நம்மிடம் உண்டு. திருவாரூரிலே அரசகுமாரனின் தேரில் அகப்பட்டு ஒரு பசுங்கன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டு நீதி செய்தான். 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதனை விரித்துரைத்தார். அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சமும் இதே கதையைச் சொல்கின்றது. எல்லாளனைப் போரில் வென்றவனைப் போற்ற எழுந்த நூல், அவனுடைய நீதியை மறைக்காது எழுதியமை நினைவிற் கொள்ளத்தக்கது. அத்தேர் அரசகுமாரனின் தேர், கோயில் தேரன்று. ஆயினும், தேர்க்கால் ஓர் உயிரை நசுக்கினால் அஃது அரசனையும் விடாத குற்றம் என்பதே இவ்விரு நூல்களும் சொல்லும் நீதி. நசுக்குவது தேரின் இயல்பு என்று அவை சொல்லவில்லை.

ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் இப்போது புலனாகும். மேல்நாட்டார் தேரைத் தூரத்தில் நின்று கண்டனர். பலர் ஏட்டில் மாத்திரமே கண்டனர். அவர்களுக்கு அது தானே உருண்டு வரும் பெரும்பூதம். நமக்கு அது கைவடுப்பட இழுத்தறிந்த பொருள். இழுப்பவர் வடத்தை விட்டால் தேர் அங்குலமும் அசையாது என்பது வடம் பிடித்த சிறு பிள்ளைக்கும் தெரியும். தடுத்து நிறுத்த முடியாதது என்று ஆங்கிலம் சொல்லும் தேரை, நாம் ஓடவைக்கவே பாடுபடுகின்றோம்.

ஓடாது நின்ற தேர்கள்

இவ்விடத்தே கட்டுரையை முடித்துக்கொண்டால் நமக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இன்னுமொரு சொல் நம் எதிரே நிற்கின்றது. ஆங்கிலத்தில் 'பரையா' என்பது சமுதாயத்தால் ஒதுக்கித் தள்ளப்பட்டவனைக் குறிக்கும். உலக நாடுகள் ஒரு நாட்டைப் புறக்கணித்தால் அந்நாட்டையும் இச்சொல்லால் வழங்குவர். இது தமிழ்ச் சொல். பறை என்னும் பழைமையான இசைக்கருவியின் பெயரோடு தொடர்புடைய ஒரு சமூகத்தாரின் பெயர். அப்பெயரில் இழிவு எதுவும் இல்லை. அச்சமூகத்தாரை ஒதுக்கிவைத்தவர்கள் நம்முன்னோர். வந்தவர்கள் அதனைக் கண்டனர், கண்டதை எழுதினர். 'ஜகர்நோட்' என்னும் சொல்லிற் பிறர் நம்மேல் ஏற்றிய பழி பெரும்பகுதி. 'பரையா' என்னும் சொல்லில் உள்ளது நாமே தேடிக்கொண்ட பழி. முன்னதை மறுக்கும் உரிமை வேண்டுமாயின், பின்னதை ஒழிக்கும் கடமையை ஏற்றல் வேண்டும்.

நமது நாட்டில், சாதி காரணமாக ஒருவரை வழிபாட்டிடத்திலும் பிற பொது இடங்களிலும் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலே ஆலயப் பிரவேசங் கோரிப் போராட நேர்ந்தது. தமிழ்நாட்டிலே, சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில், எல்லாச் சாதியாரும் வடம் பிடிக்கலாமா என்ற பிணக்கு 1998 அளவில் முற்றியது. பின்னர் அக்கோயிலின் தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. நீதிமன்றம் தலையிட்டதன் பின், 2024 ஆம் ஆண்டு ஆனியிலேதான் அது மீண்டும் ஓடியது. எவராலும் நிறுத்த முடியாதது என்று உலகம் பெயரிட்ட தேரை நிறுத்தியது எது? பகைவரின் படையன்று, பாதிரிமாரின் நூலுமன்று. அடுத்தவன் கை வடத்திற் படலாகாது என்ற எண்ணமே நிறுத்தியது.

வாலிபர் செய்யத்தக்கன

அச்சொல்லை அகராதியிலிருந்து நீக்கும்படி எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. மொழி விண்ணப்பங்களுக்குக் கட்டுப்படுவதில்லை. மிஷனரிமாரைத் தூற்றவும் நாம் வரவில்லை. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் நமது சமயத்தைக் கடுமையாகக் கண்டித்தனர். அதே வேளையில் நமது மொழியை அக்கறையோடு கற்றனர். நல்லூரிற் பணியாற்றிய நைற் பாதிரியார் தொடங்கி, பலர் கை மாறி, 1862 இல் வின்சுலோ அச்சேற்றிய தமிழ் ஆங்கில அகராதியை இன்றும் நாம் பயன்படுத்துகின்றோம். அவர்கள் நிறுவிய பாடசாலைகளில் நம்மவர் ஆயிரமாயிரம் பேர் கற்றனர். இக்கட்டுரைக்கு வேண்டிய செய்திகளைத் தேடும் பயிற்சியையும் எமக்கு அளித்தவை அத்தகைய பாடசாலைகளே. நன்றியும் மறுப்பும் ஒரே நெஞ்சில் இருத்தல் கூடும்.

நாம் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, இச்சொல்லை வகுப்பிலோ அலுவலகத்திலோ ஒருவர் கூறக் கேட்டால், முகஞ் சுளியாது, ஒடோரிக்கின் மாபாரையும் ஸ்டேர்லிங்கின் கணக்கையும் அவருக்கு எடுத்துச் சொல்லுதல். ஆத்திரத்திலும் ஆதாரம் வலிது. இரண்டாவது, நமது ஊர்த் தேர்விழாக்களிலே மின்கம்பி, வீதியின் அகலம், முதலுதவி, சனநெரிசல் என்பவற்றைக் கவனிக்கும் தொண்டர் படையாகச் சங்கத்து இளைஞர் நிற்றல். முட்டுக்கட்டை இடும் முதியோரிடமிருந்து அக்கலையைப் பயிலுதலும் இதில் அடங்கும். மூன்றாவது, வடத்தைப் பற்ற வரும் எக்கையையும் யாருடையதென்று கேளாதிருத்தல். மூத்தோர் இதற்கு ஆசி தருதல் வேண்டும். வழியும் காட்டுதல் வேண்டும்.

அடுத்த தேர்த்திருவிழாவன்று வடம் நீண்டு கிடக்கும். அதன் இரு மருங்கிலும் இடம் உண்டு. வெயில் ஏறுமுன் தேர் தேர்முட்டிக்கு வந்து சேர வேண்டுமானால், ஊரார் எல்லோருடைய கையும் அதற்குத் தேவை.